பம்பின் கழுத்தில் நாலு கோடு

நட்டு மூன்றும் ஓட்டத்தில் தளர்ந்து
பம்பு தானாகவே கிறுகிப் போயிற்று.
மண்ணெண்ணெயில் சீலை நனைத்துத் துடை,
ஒயில் பொருக்குக்கு அடியில் ஒரு கோடிருக்கும்,
மூடியில் உள்ள கோட்டோடு அதைச் சேர்த்து
இறுக்கினால் முடிந்தது என்றார் அவர்,
தோகாவிலிருந்து.

துடைத்தேன்.
நாலு கோடு இருந்தது.

ஒன்று மயிரிழை, நேர். கொம்பனி போட்டது.
ஒன்று உளிவெட்டு;
வெட்டினவனுக்கு அன்றைக்கு யாரோடோ கோபம்.
ஒன்று, இரும்பு வாள் வழுக்கி இழுத்த இழுவை.
நாலாவது சிவப்பு நெயில் பொலிஸ்.
வேலாப்போடியின் பேரனிடம் போன வருசம் வாங்கின மிசின்;
அதற்கு முதல் யாருடைய வளவில் நின்றதோ,
எந்த விரலுக்குப் பூசி மிஞ்சினதோ.

கொம்பனியை நம்பினேன் முதலில்.
வெள்ளைப் புகை.
வளவு முழுக்க, கோழிகளும் தெரியாமல்.
எரியாத டீசல் கண்ணைக் கரித்தது.
தன் கண்டத்தையும் உழுது தரக் கேட்க வந்த தவனேசன்
படலையில் நின்றபடியே புகைக்குள் காணாமல் போனார்.

பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகல்ல,
வருவதற்குச் சற்று முன்னமே
டீசல் அங்கே போய் நிற்க வேணும்,
விருந்தாள் படலையில் கூப்பிடுமுன்
உலை ஏற்றுகிற மாதிரி.
இது எனக்குத் தெரியும். எவ்வளவு முன்னம் என்பதுதான்.

முன்மூடியைச் சுரண்டிப் பார்த்தேன்.
சிவப்புப் பெயின்றுக்கு அடியில் மஞ்சள்.
எங்கோ உடைத்து விற்ற இன்னொரு மிசினின் மூடி.
ஆக, கொம்பனிக் கோடு பொய்யில்லை.
அது வேறோர் இஞ்சினைப் பற்றிய உண்மை.

வெள்ளிக்கிழமை. பாலையடிவட்டையில் ஒன்பது மணி.
அங்கே ஆறரை, லீவு நாள், குரலில் இன்னும் தலையணை.
இரண்டரை மணித்தியாலம் பிந்தி விடிகிற மனிசன்
பிந்தி எரிகிற இஞ்சினைக் காதால் பார்க்கப் போகிறார்.
போனை டெப்பட் மூடிக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

"பிந்தித்தான் பத்துது. உள்ளுக்குத் தள்ளு. ஒரு நூல்."
"எந்த நூல்? தச்சன்ட நூலா, தையல் நூலா?"
கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.
"தையல் நூல்."

நிற்பாட்டினேன். அரை இஞ்சி ஸ்பனர்.
உள்பக்கத்து நட்டுக்குக் கை போகாது,
கன்னத்தை பிளாக்கில் ஒட்டி, விரல் நுனியால்.
தள்ளினேன். இறுக்கினேன். திறப்பைத் திருப்பினேன்.
இரண்டாம் சுற்றிலேயே பிடித்தது.
புகை மெலிந்தது. படலை திரும்பி வந்தது,
படலையில் தவனேசனும்.
மட்காட்டில் உள்ளங்கை வைத்தேன்:
சோறு கொதிக்கையில் மூடிக்கு வருகிற நடுக்கம்.

"அடிக்குது" என்றார்.
"முந்திப் பத்துது, யானை வெடி மாதிரி. வெளிய எடு, அரை நூல்."

அடித்தது இஞ்சின் இல்லை.
பொனற்றின் கொளுக்கி.
சொல்லலாம். சொன்னால்
எந்தக் கொளுக்கி, ஆர் கழற்றினது, எப்ப என்று
மத்தியானம் வரைக்கும் போகும்.
கிழக்கே மழை குந்திக்கொண்டிருக்கிறது;
புழுதி விதைப்புக்கு நாலு ஏக்கர் இன்னும் உழாமல்.

இஞ்சினை நிற்பாட்டினேன்.
ஸ்பனரால் நட்டில் மூன்று தரம் தட்டினேன்,
அவருக்குக் கேட்கட்டும் என்று.
திரும்ப ஸ்டார்ட் பண்ணி
பொனற்றை முழங்கையால் அமத்திப் பிடித்தேன்.
"இப்ப?"
"ஆ, இப்ப சரி. நான் சொன்னன்தானே."
"ஓம்."

போனை வைத்த பிறகுதான் குனிந்து பார்த்தேன்.
வாளிழுவையைத் தாண்டி, உளிவெட்டை எட்டாமல்
மூடியின் கோடு வந்து நின்றது
மங்கிய அந்தச் சிவப்பின் மேல்.

புதுக்கோடு ஒன்றும் நான் போடவில்லை.
களுவாஞ்சிகுடிக்கு ரியூசனுக்குப் போகிற மகளிடம்
அதே நிறத்தில் ஒரு போத்தல் சொல்லிவிட்டேன்.
என் நகங்களைப் பார்த்தாள், அதில் ஏறியிருந்த கறுப்பை.
ஒன்றும் கேட்கவில்லை.

கிளச் வழுக்குவதை
அவருக்கு இன்னும் சொல்லவில்லை.